முதல் பக்கம் யாரோட சொத்து? தேடல் வரிசையின் கதை

சொந்தமா சின்னதா தொழில் பண்றவங்க யாராவது உங்களுக்குப் பழக்கம்னா, நீங்க கம்ப்யூட்டர் படிச்ச ஆளுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, இந்தக் கேள்வி எப்படியும் வந்திருக்கும்: "தம்பி, நம்ம கடை பேரு கூகுள்ல முதல்ல வரணும். என்ன பண்ணணும்?" பக்கத்துக்கு ஒழுங்கா தலைப்பு வைங்க, சீக்கிரம் லோட் ஆகற மாதிரி பாத்துக்கோங்க, மேப்ஸ்ல முகவரி, ஃபோன் நம்பர், கடை திறக்கிற நேரம் சரியா இருக்கட்டும், வர்ற கஸ்டமர் உண்மையிலேயே கேக்கற கேள்விக்குப் பதில் எழுதுங்கன்னு நாம சொல்லுவோம். தப்பில்லாத பதில்தான்.

ஆனா அந்த அண்ணன் அடுத்ததா ஒண்ணு கேட்டா நம்மகிட்ட பதில் இருக்காது. "சரிப்பா, வந்தாச்சு. நாளைக்கே காணாமப் போச்சுன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது?" இதைக் கேட்டு கோர்ட் வரைக்கும் போனவங்க இருக்காங்க. இன்னைக்கு எபிசோடு அவங்களைப் பத்தி.

இன்டர்நெட் வர்றதுக்கு முன்னாடியே இந்த ஆட்டம் இருந்துச்சு. அமெரிக்காவில் மஞ்சள் பக்கங்கள்னு ஒரு டெலிஃபோன் டைரக்டரி வீட்டுக்கு வீடு போகும். அதில் பிளம்பர், பூட்டு ரிப்பேர்னு தொழில்வாரியா பேர் போட்டிருக்கும், அகர வரிசையில். ராத்திரி பைப் உடைஞ்சு தண்ணி கொட்டும்போது எவனும் அம்பது பேரைப் படிச்சுப் பாக்க மாட்டான். மேல இருக்கறவருக்குத்தான் ஃபோன் போகும். விளைவு? கடைக்கு 'ஏஏஏ பிளம்பிங்', 'ஏ1 லாக்ஸ்மித்'னு பேர் வைக்க ஆரம்பிச்சாங்க. சிரிப்பா இருக்கலாம். ஆனா ஒருத்தர் தன் கடைப் பேரையே டைரக்டரிக்காக மாத்திக்கறாரு. வரிசை போடற விதி என்னவோ, அதுக்கேத்த மாதிரி கடை தன்னை மாத்திக்கும். இதுக்கப்புறம் நாம பாக்கப்போற எல்லாத்துக்கும் வேர் இதுதான்.

டைரக்டரி விதியில் ஒரு நல்லதும் இருந்துச்சு. அது என்ன விதின்னு எல்லாருக்கும் தெரியும், ராத்திரியோட ராத்திரியா மாறாது.

1995 டிசம்பர்ல ஆல்டாவிஸ்டா வருது. பக்கத்தில் இருக்கற வார்த்தைகளைப் பாத்து வரிசைப்படுத்தற தேடுபொறி. உடனே ஏஏஏ பிளம்பிங்கோட தம்பி பொறந்துட்டான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே வார்த்தையை நூறு தடவை அடிக்கிறது, கீவேர்ட் டேக்ல சம்பந்தமில்லாத பிரபலங்களோட பேரைத் திணிக்கிறது. அந்த கீவேர்ட் டேகை நாங்க வரிசைக்குப் பயன்படுத்தறதே இல்லன்னு கூகுள் 2009-லயே வெளிப்படையா சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் அதை நிரப்பித் தர்றேன்னு கடைக்காரங்ககிட்ட காசு வாங்கற ஆளுங்க உண்டு. இது சும்மா இடைச்செருகல், எனக்கு இருக்கற ஒரு எரிச்சல்.

1998-ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்த பேஜ்ரேங்க் வேற மாதிரி யோசிச்சது. ஒரு பக்கம் தன்னைப் பத்தி என்ன சொல்லுதுங்கறதைவிட, மத்தவங்க அதைப் பத்தி என்ன சொல்றாங்கங்கறதுக்கு மதிப்பு. வேற ஒரு தளம் உங்களுக்கு லிங்க் கொடுத்தா அது ஒரு சிபாரிசு. சிபாரிசு பண்றவர் எவ்வளவு பெரிய ஆளோ அந்த அளவுக்கு எடை. நம்ம ஊர்ல மாப்பிள்ளை பத்தி விசாரிக்கிற அதே லாஜிக்தான். அந்த வருஷம் ரெண்டு பேரும் எழுதின ஆய்வுக் கட்டுரையோட பின்னிணைப்பில், விளம்பரக் காசுல ஓடற தேடுபொறி தன்னையறியாம விளம்பரதாரர் பக்கம் சாயும், பயனாளிக்கு எதிராப் போகும்னு அவங்களே கவலைப்பட்டு எழுதியிருக்காங்க. இந்தக் கதை முடியற வரைக்கும் இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிரச்சினை 2000 டிசம்பர்ல ஒரு குட்டிப் பச்சைக் கோடா வந்துச்சு. பிரவுசர்ல மாட்டிக்கிற கூகுள் டூல்பார். நீங்க பாக்கற பக்கத்தோட பேஜ்ரேங்க் எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போட்டு அது காட்டும். அதுவரைக்கும் உள்ளுக்குள்ள இருந்த ஒரு எண்ணை ஊருக்கே காட்டிட்டாங்க. எண் கண்ணுக்குத் தெரிஞ்சா விலை வெக்க எவ்வளவு நேரம் ஆகும்? எட்டு மார்க் தளத்திலிருந்து ஒரு லிங்க்குக்கு இவ்வளவு, ஆறு மார்க்னா இவ்வளவு. சிபாரிசு சரக்காயிடுச்சு.

அந்தச் சந்தையில் வெளிப்படையாவே கடை விரிச்சவர் ஓக்லஹோமாவைச் சேர்ந்த பாப் மாஸா. அவரோட கம்பெனி பேர் சர்ச்கிங். லிங்க் விக்கறவங்களையும் வாங்கறவங்களையும் சேத்து வெக்கிற ஒரு நெட்வொர்க்கை 2002-ல ஆரம்பிச்சாரு. மார்க் அதிகமா இருந்தா விலை அதிகம், அவ்வளவுதான் கணக்கு. கொஞ்ச நாள்லயே சர்ச்கிங்கோட மார்க் எட்டிலிருந்து நாலுக்கு விழுந்துச்சு. நெட்வொர்க்கோட பக்கத்துக்கு மார்க்கே இல்லாமப் போச்சு. மாஸா அந்த அக்டோபர்லயே கூகுள் மேல வழக்கு போட்டாரு. நான் மத்தவங்களோட பண்ணியிருக்கற ஒப்பந்தத்தில் இவங்க வேணும்னே கை வெச்சுட்டாங்கன்னு.

2003 மே மாசம் தீர்ப்பு. கூகுள் தெரிஞ்சேதான் மார்க்கைக் குறைச்சுதுங்கறதை ஏத்துக்கிட்டே, வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. காரணம் எனக்கு ரொம்ப சுவாரசியமானது. கணக்குப் போடற முறை புறவயமானதா இருக்கலாம், ஆனா கடைசியில் வர்ற மார்க் அகவயமானது. ஒரு தளம் எவ்வளவு முக்கியம்னு சொல்றது ஒரு கருத்து, அதைப் பொய்னு நிரூபிக்க வழியே இல்ல. கருத்துக்கு அமெரிக்க அரசியல் சாசனத்தோட முதல் திருத்தம் பாதுகாப்பு கொடுக்குது.

கோடு எழுதறவங்க ஒரு நிமிஷம் யோசிங்க. நாம எழுதற ஃபங்ஷன் ரிட்டர்ன் பண்ற நம்பரை ஒரு நீதிபதி 'கருத்து'ங்கறாரு. மாஸா லிங்க் வித்த ஆள்தான், அவர் மேல எனக்குப் பெருசா இரக்கம் இல்ல. ஆனா அந்தத் தீர்ப்பு லிங்க் விக்காதவங்களுக்கும் சேத்துதானே பொருந்தும்?

அது எவ்வளவு வலிக்கும்னு தெரிய ஆறு மாசம்கூட ஆகல. அந்தக் காலத்தில் கூகுள் தன் இன்டெக்ஸை மாசத்துக்கு ஒரு தடவை மாதிரி புதுப்பிக்கும். தளம் நடத்தறவங்க அதுக்குப் புயலுக்குப் பேர் வெக்கிற மாதிரி பாஸ்டன், கசாண்ட்ரா, டொமினிக், எஸ்மரால்டான்னு பேர் வெச்சுக்கிட்டு வந்தாங்க. 2003 நவம்பர் 16 வாக்கில் வந்ததுக்குப் பேர் ஃபுளோரிடா. அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள்லயிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் வியாபாரமே. அதுக்குச் சரியா பதினோரு நாள் முன்னாடி, ஆன்லைன்ல பொருள் விக்கற எத்தனையோ சின்னத் தளங்கள் தங்களோட முக்கியமான தேடல்கள்ல இருந்து மறைஞ்சு போச்சு. தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, ரங்கநாதன் தெருவில் இருக்கற கடையை ராவோட ராவா தூக்கி ஊருக்கு வெளிய வெச்ச மாதிரி. சரக்கு உள்ள இருக்கு, வாசல்ல தெரு இல்ல.

பாதிக்கப்பட்டவங்க சும்மா இருக்கல. தேடற வார்த்தையோட, மைனஸ் குறி போட்டு அர்த்தமில்லாத ஒரு சொல்லைச் சேத்தா பழைய வரிசை அப்படியே வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்போ பழைய கணக்கு அழியல, அதுக்கு மேல ஏதோ ஒரு ஃபில்டர் உக்காந்திருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எந்தத் தளம் எந்த இடத்திலிருந்து விழுந்துச்சுன்னு காட்ட ஸ்க்ரூகிள்னு ஒரு தளமே வந்துச்சு. என்னைக் கேட்டா, ரிவர்ஸ் எஞ்சினியரிங் வரலாற்றில் அதுக்கு ஒரு இடம் கொடுக்கணும்.

விளம்பரம் வாங்க வெக்கத்தான் இப்படிப் பண்றாங்கன்னு அப்போ பெரிய சந்தேகம் கிளம்புச்சு. அதுக்கு ஆதாரம் கிடையாது. எனக்குத் தோணறது வேற. தலைப்பிலும் லிங்க்கிலும் ஒரே வியாபாரச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடற ஸ்பேமைப் பிடிக்க வலை போட்டிருக்காங்க, வலைக்கண் ரொம்பச் சின்னதாப் போயிடுச்சு. 'மரக் கட்டில்' விக்கறவன் தன் பக்கத்தில் மரக் கட்டில்னு எழுதாம வேற என்னத்தை எழுதுவான்? ஸ்பேம் ஃபில்டர் எழுதற டீம்ல தவறாப் பிடிபடறது ஒரு சதவீதம்னா கைதட்டுவாங்க. அந்த ஒரு சதவீதத்தில் ஒரு குடும்பத்தோட சாப்பாடு இருக்குங்கறது டாஷ்போர்டில் தெரியாது.

இப்போ நம்ம கதையோட முக்கியமான ஜோடி. பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ராஃப், ஷிவான் ராஃப், கணவன் மனைவி. 2006 ஜூன்ல ஃபவுண்டெம்னு ஒரு விலை ஒப்பீட்டுத் தளம் தொடங்குறாங்க. ஒரு பொருள் எந்தக் கடையில் எவ்வளவுன்னு காட்டும், அங்கேயிருந்து கடைக்குப் போனா ஃபவுண்டெமுக்குக் காசு. ஆரம்பிச்ச சில நாள்லயே கூகுள்ல தளம் பாதாளத்துக்குப் போயிடுச்சு. தானியங்கி ஸ்பேம் ஃபில்டர் போட்ட தண்டனை. மத்த தேடுபொறிகள்ல நல்லாவே வந்துக்கிட்டிருந்தாங்க. 2008 கடைசியில் சேனல் 5-ல வர்ற 'தி கேட்ஜெட் ஷோ' நிகழ்ச்சி, பிரிட்டன்லயே சிறந்த விலை ஒப்பீட்டுத் தளம்னு ஃபவுண்டெமைத் தேர்ந்தெடுத்துச்சு. கூகுள்ல தேடினா அப்பவும் காணோம்.

நியாயமா சொல்லணும்னா, விலை ஒப்பீட்டுத் தளம் ஒரு அல்காரிதத்தோட கண்ணுக்கு ஸ்பேம் மாதிரிதான் தெரியும். சொந்த எழுத்து கம்மி, வெளிய போற லிங்க் நிறைய. அடுத்தவங்க உள்ளடக்கத்தைத் திரும்பப் போடற தளங்களைக் கீழே தள்றதுதான் பயனாளிக்கு நல்லதுங்கறது கூகுளோட வாதம். ராஃப் ஜோடி கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்க சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையும் இதே மாதிரிதானே இருக்கு, அதுக்கு இந்த ஃபில்டர் உண்டா?

2009 நவம்பர்ல ஐரோப்பிய ஆணையத்துக்குப் புகார் கொடுத்தாங்க. அடுத்த மாசமே அவங்க மேல இருந்த தண்டனை நீங்கிடுச்சு. அதோட போயிருக்கலாம். போகல. ஆணையம் 2010 நவம்பர்ல முறைப்படி விசாரணையைத் தொடங்கி, 2017 ஜூன் 27 அன்னிக்கு முடிவை அறிவிச்சது. அந்தக் கேள்விக்கு அதில் நேரடியான பதில் இருந்துச்சு: இல்ல. போட்டியாளர்களைக் கீழே தள்ற அல்காரிதம் கூகுளோட சொந்தச் சேவைக்குப் பொருந்தவே இல்ல, அதுக்கு மேலேயே தனிப் பெட்டி. போட்டியாளர்கள்ல மேல இருக்கறவரே சராசரியா நாலாவது பக்கத்தில்தான் வந்தாராம்.

நாலாவது பக்கம்னா என்னன்னும் ஆணையம் கணக்குக் காட்டுச்சு. கம்ப்யூட்டர்ல தேடும்போது முதல் பக்கத்தில் இருக்கற பத்து முடிவுகளுக்குச் சுமார் 95 சதவீத கிளிக் போகுது. ரெண்டாவது பக்கத்தோட முதல் முடிவுக்குக் கிடைக்கறது சுமார் 1 சதவீதம். பிரிட்டன்ல சில போட்டித் தளங்களுக்கு வரத்து 85 சதவீதம் வரைக்கும் திடீர்னு விழுந்திருக்கு. அபராதம் 242 கோடி யூரோ.

ஓக்லஹோமா தீர்ப்பையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் வேற வேற சட்டம், வேற வேற நாடு. அங்கே வரிசைங்கறது ஒருத்தரோட கருத்து. இங்கே, நீ கருத்து வெச்சுக்கோ, ஆனா சந்தையையே கையில் வெச்சுக்கிட்டு நீயே அதில் ஒரு கடையும் போட்டா எல்லாருக்கும் ஒரே தராசு வேணும்னு சொல்லியாச்சு. 1998 கட்டுரையோட பின்னிணைப்பு ஞாபகம் இருக்கா? அதை எழுதினவங்களுக்கே அது திரும்பி வந்துச்சு.

இந்தியாவிலும் இது நடந்திருக்கு, அதுவும் நம்ம சென்னைக் கம்பெனி ஒண்ணு கொடுத்த புகார்ல. பாரத் மேட்ரிமோனி நடத்தற மேட்ரிமோனி டாட் காம், நுகர்வோர் அமைப்பான கட்ஸ், ரெண்டு தரப்பும் 2012-ல கொடுத்த புகாரில், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் போட்டுச்சு. தேடல் பக்கத்தில் தன்னோட விமான டிக்கெட் பெட்டியை முன்னால தூக்கி வெச்சதும் அதில் சொல்லப்பட்ட தப்புகள்ல ஒண்ணு. ஆனா மேட்ரிமோனி டாட் காம் வக்கீல் வெச்சு ஆறு வருஷம் இழுக்கக்கூடிய கம்பெனி. நம்ம கடைக்கார அண்ணனால முடியுமா?

அதனாலதான் அவருக்கு நான் எஸ்இஓ டிப்ஸோட இன்னும் ரெண்டு விஷயம் சொல்லுவேன். வந்த கஸ்டமரோட நம்பரை அனுமதி கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. கடைப் பேரையே நேரா டைப் பண்ணி வர்றவங்க மாசத்துக்கு எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. கூகுள் தள்ளிவிட்டாலும் உங்ககிட்ட மிச்சம் இருக்கப்போறது அந்த எண்ணிக்கைதான். முதல் இடத்துக்கு கேரண்டின்னு எவனாவது சொன்னா காசு கொடுக்காதீங்க. கூகுள்ல வேலை பாக்கறவனாலகூட அந்த கேரண்டி கொடுக்க முடியாது.

ராஃப் ஜோடிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கூகுள் மேல்முறையீடு பண்ணுச்சு, 2021-ல தோத்துச்சு, மறுபடி மேல போச்சு. 2024 செப்டம்பர் 10 அன்னிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட உச்ச நீதிமன்றமும் அபராதத்தை உறுதி பண்ணிடுச்சு. புகார் கொடுத்துக் கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம். அந்தப் பணத்தில் ஒரு யூரோகூட அவங்களுக்குக் கிடையாது, அது ஒன்றியத்தோட பட்ஜெட்டுக்குப் போகும். நஷ்டஈடு கேட்டு அவங்க தனியா ஒரு சிவில் வழக்கு போட்டிருக்காங்க. ஃபவுண்டெம் தளத்தை 2016-லயே மூடிட்டாங்க, அபராதத் தீர்ப்பு வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.