ஜாபர்: சக தொழிலாளி மேலாளான கதை

இந்தியத் தொழிற்சாலைகளில் தொழிலாளரை மேற்பார்த்தவர்களுக்கு வழங்கிய பெயர்கள் பல மொழிகளிலிருந்து வந்தவை. கல்கத்தாவின் சணல் ஆலைகளில் அவர் சர்தார். இது பாரசீகச் சொல். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் முகத்தம் அல்லது ஜாபர், முன்னது அரபு, 'முன்னே நிறுத்தப்பட்டவர்' என்பது அதன் பொருள், பின்னது ஆங்கிலம். தமிழகத்தின் மேஸ்திரி போர்த்துக்கீசிய வழி வந்தவர். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மட்டுமே முழுத் தமிழர். தலைமை, முதன்மை, கண்காணிப்பு என்று இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் அதிகாரத்தைக் குறிக்கின்றன. ஆனால் அந்த மனிதர் முன்பு யாராக இருந்தார் என்பதை இவற்றில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. பம்பாயின் ஜாபர்களில் பெரும்பாலோர் அதே தறியில், அதே கதிரில், தம் கீழிருந்தவர்களோடு ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் நிறுவிய ஆலையோடு பம்பாயின் பருத்தித் தொழில் தொடங்குகிறது. தொடக்ககால மேலாளர்களும் நுட்பவியலாளர்களும் பலர் லங்காஷயரிலிருந்து வந்தவர்கள். மராத்தியோ கொங்கணியோ அவர்கள் அறியாதவை. மொழி தெரிந்த பார்சி மேலாளர்கள் பெருகிய பிறகும் இடையில் ஒருவர் தேவைப்பட்டார். ஆகவே ஜாபர் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்ற பழைய விளக்கம் போதாது.

அவருடைய பணிகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆள் சேர்ப்பது, ஆளை நீக்குவது, விடுப்புத் தருவது, இயந்திரத்தைச் சீர்செய்வது, கடன் கொடுப்பது, கடனுக்குப் பிணை நிற்பது ஆகிய யாவும் ஒருவரிடமே இருந்தன. அன்றாடம் எத்தனை பேர் தேவைப்படுவர் என்பது ஆலைக்கே உறுதியாகத் தெரியாத நிலையில், வராதவரின் இடத்தை நிரப்ப வாசலில் மாற்றாட்கள் காத்திருந்தனர். இவர்களுக்கு 'பத்லி' என்று பெயர். தமிழின் 'பதில்' என்ற சொல்லுக்கும் இதுவே வேர். யாரை உள்ளே விடுவது என்பதை ஜாபரின் கையசைவு முடிவுசெய்தது. அதற்கு ஈடாக அவர் பெற்ற பணம் 'தஸ்தூரி' எனப்பட்டது. வழக்கம் என்ற பொருள் தரும் சொல்லே கையூட்டுக்குப் பெயரானது; பம்பாய்க்கு வெளியிலும் இது நடந்திருக்கிறது.

ஆயினும் வேலை முடிந்தபின் அவர் திரும்பியது கிரண்காவின் ஒற்றையறைக் குடியிருப்புகளுக்கே. பரேலும் லால்பாக்கும் அடங்கிய அந்த ஆலைப்பகுதியில் அவர் அயலார் அவருடைய ஆட்கள்தாம். இரத்தினகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் வந்த ஊர்க்காரர்கள், உறவினர்கள், ஒரே உணவுவிடுதியில் உண்டவர்கள். உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் பொருள் தருவதும் திருவிழா ஊர்வலங்களுக்கு முன்நிற்பதும் ஜாபருக்கு ஆடம்பரமல்ல. காலையில் உரிய எண்ணிக்கையில் ஆள் கொண்டுவரும் ஆற்றலை அவர் அங்கேதான் ஈட்டினார். நேற்றைய தோழர்கள் அவரை விட்டு இன்னொரு ஜாபரிடம் போய்விட்டால் மேலாளரின் முன் அவருக்கு மதிப்பில்லை. மேலாளர் கைவிட்டாலோ தோழர்களுக்குக் கொடுக்க அவரிடம் வேலையில்லை.

ஆவணங்களில் இந்த நெருக்கடி அரிதாகவே தென்படுகிறது. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் சேர்க்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் ஜாபரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலரிடம் தர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. கையூட்டுப் பற்றிய அதன் கண்டனம் நியாயமானதே. ஆனால் அத்தகைய விசாரணைகளில் ஆலை முதலாளிகளுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஜாபரைக் குற்றவாளியாக்குவது ஒருங்கே வசதியாக இருந்தது. ஆள்குறைப்பின் பழியை முதலாளிகள் அவர்மேல் இறக்கிவைக்கலாம். தொழிலாளரின் விசுவாசத்துக்கு அவரோடு போட்டியிட்டவை சங்கங்கள். ஜாபரோ தம்மைப் பற்றி எழுதிவைத்தது மிகக் குறைவு.

வரலாற்றாசிரியர்களும் இதில் உடன்படவில்லை. திபேஷ் சக்ரபர்த்தி 1989-இல் வெளியான நூலில், வங்காளத்துச் சர்தாரின் அதிகாரம் சமூகம், மதம், உறவு ஆகியவற்றில் ஊன்றிய முதலாளித்துவத்துக்கு முந்தைய பண்பாட்டைச் சார்ந்தது என்றார். ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் 1994-இல் பம்பாயை முன்வைத்து, போட்டியாளர்களாலும் சொந்த ஆட்களாலும் வரம்பிடப்பட்டவராக ஜாபரைக் காட்டினார். பம்பாயைப் பொறுத்தவரை இரண்டாவது வாதமே வலுவானது. பண்பாட்டை மட்டும் காரணமாக்கினால், தொழிலாளர் ஏன் ஒரு ஜாபரை விட்டு இன்னொருவரைத் தேடினர் என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

1928-இன் பொது வேலைநிறுத்தம் இதற்கு ஒரு சோதனை. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. ஒரு நெசவாளர் மேற்பார்க்கும் தறிகளைக் கூட்டும் திட்டம் அதன் காரணங்களுள் ஒன்று. ஆட்கள் குறைந்தால் ஜாபர் கொடுக்கக்கூடிய வேலைகளும் குறையும். ஆகவே வேலைநிறுத்தத்தின் இரு பக்கங்களிலும் ஜாபர்களைக் காண முடிகிறது. அதன்பின் கிர்ணி காம்கார் சங்கம் ஆலைதோறும் குழுக்களை அமைத்தது. அதுவரை ஜாபர் வழியே மேலாளரை எட்டிய குறைகள் இக்குழுக்கள் வழியே போகத் தொடங்கியபோது, பல ஜாபர்கள் சங்கத்துக்கு எதிராகத் திரும்பினர்.

நூல்சுற்றும் பிரிவுகளில் பெண்களை மேற்பார்த்த பெண்கள் 'நாயக்கீண்' எனப்பட்டனர். ஜாபரைப் பற்றிய விவாதம் ஒரு நூலகத்தையே நிரப்பியிருக்க, இவர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் நிற்கிறார்கள். தம்மோடு நூல்சுற்றிய பெண்களை ஆளும் ஒரு பெண்ணுக்கு உடற்பயிற்சிக் கூடமும் ஊர்வலமும் கைகொடுத்திருக்க முடியாது. அவர் எதைக்கொண்டு அதிகாரத்தை நிலைநிறுத்தினார் என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி.

1935-இல் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் பத்லிகளைப் பதிவுசெய்து அட்டை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. வாசலில் நிற்பவரின் கையில் இப்போது எண்ணிட்ட ஓர் அட்டை இருந்தது. அதைச் சரிபார்க்க வந்த தொழிலாளர் அலுவலர் படித்தவர், சம்பளக்காரர், தறியில் ஒருநாளும் நின்றிராதவர். அட்டை வைத்திருந்தவர்களுள் யாரை அன்று தறிக்கு அனுப்பலாம் என்று கேட்க வேண்டி வந்தபோது, அந்த ஆட்களை அறிந்தவர் ஜாபர் ஒருவரே.