பதவி ஏற்கச் சொன்னால் போதுமா?

பெரிய உத்தியோகம் என்றவுடன் ஓடிப் பற்றிக்கொள்வோரையே நாம் மிகுதியும் கண்டிருக்கிறோம். ஒதுங்கி நின்றவரை வற்புறுத்தி அமர்த்திய வரலாறு ஒன்றைச் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத்து அன்பர்கள் அறிதல் நலம். ஏனெனில், அதன் பிற்பாதி நம் மலாயாப் பால்மரத் தோட்டங்களைப் பற்றியது.

1927-ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கையையொட்டி, தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்டு ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. வலங்கைமானிற் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை அழைத்தார்கள். அவரோ உடல்நலக் குறைவு கருதித் தயங்கினார். அவரினும் பத்தே நாள் இளையவரான காந்தியார் விடவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தைச் சாஸ்திரியார் ஏற்றவரல்லர். ஆயினும் காந்தியார் அவரையே வேண்டினார். முதலில் அமர்பவரின் தகுதியே அப்பதவியின் தகுதியாகும் அன்றோ? சாஸ்திரியார் இசைந்தார், 1929 ஜனவரி வரை அங்கே பணியாற்றினார். இந்தியப் பிள்ளைகளின் உயர்தரக் கல்விக்காக டர்பன் நகரில் எழுந்த சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சிக்குச் சான்று.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பெரியாரே மலாயாத் தொழிலாளர் நிலையை ஆராய வந்தார். மந்தக் காலத்தில் குறைத்த கூலியை ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு உயர்த்துமாறு கூறினார். ஆனால், தொழிலாளர் இங்கு வருவதைத் தடுக்கக் காரணமில்லை என்றும் எழுதினார். இங்குள்ள இந்தியர் பலர் ஏமாற்றமடைந்தனர். கூலி மீண்டும் குறையவே, 1938 ஜூன் மாதத்தில் உதவி பெற்று வருவோரின் குடியேற்றத்தை இந்திய அரசாங்கமே நிறுத்திவிட்டது.

ஒரே மனிதர், ஓரிடத்தில் புகழ், மற்றோரிடத்தில் மனக்குறை. ஏன்? அங்கே ஒன்றரை ஆண்டு மக்களிடையே வாழ்ந்தார். இங்கே சில வாரங்களே சுற்றிப் பார்த்தார். துரையும் கங்காணியும் அருகில் நிற்க, எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்? லயத்தின் துயரம் விருந்தினர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று.

ஆகவே அன்பர்களே! தகுதியுடையாரைப் பதவி ஏற்குமாறு வேண்டுவது நம் கடமையே. வேண்டியதோடு கை கழுவுவது பெரும் பிழை. ஏற்றவரிடம் நம் குறையைச் சொல்லவும், செய்ததற்குக் கணக்குக் கேட்கவும் நாம் துணிய வேண்டும். மாலை சூட்டும் கைக்கு மனு எழுதவும் தெரிய வேண்டும்.