இரண்டாவது கண்: கவுண்டரிலிருந்து கைபேசி வரை

ஆன்லைன் மோசடி பற்றிய எச்சரிக்கைகள் உங்கள் வாட்ஸ்அப்பில் தினமும் வந்துகொண்டுதான் இருக்கும். அதையே நானும் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. நம் பணத்துக்கு முன்பு என்ன காவல் இருந்தது, அது எப்போது போனது, எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்ற வரலாற்றை ஒரு பழைய வங்கி குமாஸ்தாவின் பார்வையில் எழுதுகிறேன்.

கவுண்டரில் காசோலை கொடுத்துப் பணம் வாங்கிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காசோலையை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கன் ஒன்றைத் தருவோம். லெட்ஜர் குமாஸ்தா இருப்பைப் பார்ப்பார். அதிகாரி மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிடுவார். பிறகுதான் காசாளரிடம் போகும். ஒரு காசோலையை மூன்று பேர் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆகிறதே என்று வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தத் தாமதத்துக்குள்தான் பாதுகாப்பும் இருந்தது. இதற்குப் பின்னால் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இருந்தது. காசோலையில் இரண்டு கோடு போட்டால் பணம் ஏதாவது ஒரு வங்கிக் கணக்குக்குள்தான் போகும். யாருக்குப் போனது என்று பின்னால் தேட முடியும்.

2004-இல் ஆர்டிஜிஎஸ் வந்தது, 2005-இல் நெஃப்ட் வந்தது. 2010-இல் ரிசர்வ் வங்கி, கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த அந்த இரண்டாவது கண் அன்றோடு மூடிக்கொண்டது. 2016-இல் யுபிஐ வந்தது. 2019 டிசம்பரில் நெஃப்ட், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ், இரண்டும் 24 மணி நேரமும் இயங்கத் தொடங்கின. இதனால் லேத் பட்டறைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் கிடைத்த வசதி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அனுப்பும் பணத்தை, அனுப்புபவரைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து ஊர் முன்பே பார்த்துவிட்டது. 2008, 2009-இல் திருப்பூரில் பாசி என்ற நிறுவனம், ஆன்லைனில் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்து பெரும் லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியது. ஏமாந்தவர்கள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல். தொகை சுமார் 930 கோடி ரூபாய். லாபம் வருகிறது என்பதற்கு அந்த நிறுவனம் சொன்னதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கோவை நீதிமன்றத்தில் தண்டனை வந்தது 2022 ஆகஸ்டில்தான். இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். தீர்ப்பு வர பதின்மூன்று ஆண்டு ஆனது. அதற்குள் எத்தனை வீட்டில் கல்யாணச் செலவுக்கும் படிப்புக்கும் வைத்திருந்த பணம் போனதோ!

அடுத்தது வியாபாரிகளுக்கு வந்த மின்னஞ்சல் மோசடி. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்" என்று பழக்கமான பார்ட்டியின் பெயரில் மெயில் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். பணம் கேட்ட எண்ணுக்கே போய்ச் சேரும். பெயரைத்தான் யாரும் பார்ப்பதில்லையே. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். ஒரு பில் தொகை போனால், சிறிய யூனிட்டில் அந்த வாரச் சம்பளமே நின்றுவிடும். இதற்கு மாற்று சமீபத்தில்தான் வந்தது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. பெயர் பொருந்தவில்லை என்றால் அனுப்பாதீர்கள். பொருந்தினாலும், புதிய கணக்கு என்றால் உங்களிடம் உள்ள பழைய போன் நம்பரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரையே முடக்கும் வகை ஒன்று உண்டு. 2017 மே 12-இல் கிளம்பிய வன்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்கள் கூட மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். வங்கியில் தினமும் கணக்கு முடித்ததும் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைப்போம். உங்கள் டேலி கணக்குக்கும் அதே வழக்கம் வேண்டும். பிரதி எடுத்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள்; செருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

ஆன்லைனில் கார்டு தேய்ப்பதற்குக் கூடுதல் சரிபார்ப்பு 2009 ஆகஸ்டில் கட்டாயமானது. பின்னர் ஓடிபி ஆக நாம் அறிந்த காவல் அதுதான். இப்போது போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு நிறுவினால், அது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து அந்த ஓடிபியையே திருடிவிடுகிறது.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2024-இல் நம் மில்காரர்கள் நன்கு அறிந்த வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்டு 7 கோடி ரூபாய் இழந்தார். வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தினார்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கட்டளை. அதாவது இரண்டாவது கண்ணை முதலில் அப்புறப்படுத்தினார்கள். புகார் கொடுத்ததால் 5.25 கோடி மீட்கப்பட்டது. நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. நம் ஊரில் எதிராளியின் பேச்சைப் பாதியில் வெட்டுவது மரியாதை இல்லை என்பார்கள். இந்த ஆட்களிடம் மட்டும் அந்த மரியாதை வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டு, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பழைய கவுண்டர் இனி திரும்பி வராது. அந்த மூன்று பேரில் ஒருவரையாவது நாமே வைத்துக்கொள்ளலாம். பெரிய தொகை அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடமும், பட்டறையில் கணக்குப் பார்ப்பவரிடமும் காட்டுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் நல்ல வியாபாரம் எதுவும் கெட்டுப்போகாது.