வளைகோட்டுத் தொடுகை இணைப்பு

வளைகோட்டுத் தொடுகை இணைப்பு என்பது, இயந்திர இயக்கப் பாவனை மென்பொருள்களில், இரு உறுப்புகளின் விளிம்புக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டு இயங்குவதைக் குறிக்கும் இணைப்பு வகையாகும். கேம் எனப்படும் நெம்புருளும் அதனைப் பின்தொடரும் உருளையும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆட்டோடெஸ்க் இன்வென்டர் மென்பொருளில் இது இருபரிமாணத் தொடுகை எனவும், கிரியோவில் கேம் இணைப்பு எனவும் அழைக்கப்படுகிறது.

கோட்பாடு

செருமானியப் பொறியியலாளர் பிரான்சு ரூலோ 1875இல் வெளியிட்ட நூலில் இயந்திர இணைகளை இரண்டாகப் பிரித்தார். பரப்போடு பரப்பு பொருந்தும் கீல், நழுவி போன்றவை கீழ்நிலை இணைகள். கோட்டிலோ புள்ளியிலோ மட்டும் தொடுபவை மேல்நிலை இணைகள். வளைகோட்டுத் தொடுகை இரண்டாம் வகையைச் சார்ந்தது.

ஒரு தளத்தில் கட்டற்ற உறுப்புக்கு மூன்று இயக்க உரிமைகள் உண்டு. நெம்புருள், நெம்புகோல் இரண்டுக்கும் சேர்த்து ஆறு. இரு கீல்கள் நான்கை நீக்குகின்றன. நிலையான தொடுகை ஒன்றை நீக்குகிறது. எஞ்சிய ஒன்றை மோட்டார் இயக்குகிறது.

விசைத்தறியில் பயன்பாடு

ஆந்திர எல்லையை ஒட்டி, திருத்தணிக்கு அருகில் உள்ள அம்மையார்குப்பம் ஒரு நெசவு ஊராகும். குழித்தறியில் நெசவாளர் காலால் மிதித்துப் பாவு இழைகளைப் பிரிக்கிறார். விசைத்தறியில் அவ்வேலையை டேப்பட் எனப்படும் நெம்புருள் செய்கிறது.

சாதா நெசவில், தறியின் அடித்தண்டு வளைதண்டின் பாதி வேகத்தில் சுழலும். அதில் 180 பாகை மாறுபட்டுப் பொருத்தப்பட்ட இரு டேப்பட்டுகள் மாறிமாறி மிதிகோல்களை அழுத்துகின்றன. ஒரு விழுதுச் சட்டம் இறங்கும்போது, மேலுள்ள உருளையில் சுற்றிய வார் மற்றதைத் தூக்குகிறது. எனவே ஒரு வளைகோட்டின் ஏற்றம் மற்றதன் இறக்கத்துக்குச் சமமாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் வார் தொய்யும், அல்லது அளவுக்கு மீறி இழுபடும். பாவு இழைகள் போதிய அளவு விரியுமுன் நாடா நுழைந்தால் அது இடையில் சிக்கிப் பல இழைகளை ஒருசேர அறுத்துவிடும். அவற்றை முடிந்து சேர்க்கும்வரை தறி நின்றிருக்கும். நெய்த அளவுக்குக் கூலி பெறுவோருக்கு இது நேரடி இழப்பாகும்.

அமைக்கும் முறை

1. டேப்பட்டின் புறவிளிம்பும் உருளையின் வட்ட விளிம்பும் ஒரே தளத்தில் அமையுமாறு வரையப்படுகின்றன.
2. அடித்தண்டுக்கும் மிதிகோலின் முனைக்கும் கீல் இணைப்புகள் தரப்படுகின்றன.
3. இரு வளைகோடுகளும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பொருள் எப்பக்கம் உள்ளது என்பது குறிக்கப்படுகிறது. திசை தவறினால் உருளை டேப்பட்டின் உள்ளே புகுந்து நிற்கும்.
4. தொடுகை நிலையானதா, விட்டுவிட்டு நிகழ்வதா என்பது தீர்மானிக்கப்படுகிறது.
5. விட்டுவிட்டு நிகழும் தொடுகைக்கு உராய்வுக் கெழுவும் மீள்மோதல் கெழுவும், அல்லது விறைப்பும் தணிப்பும் தரப்படுகின்றன.
6. அடித்தண்டுக்குச் சுழல்வேகம் தரப்படுகிறது. நிமிடத்துக்கு 120 ஊடை போடும் தறியில் இது நிமிடத்துக்கு 60 சுற்றுகள்.

நிலைத்த தொடுகையும் விலகும் தொடுகையும்

நிலைத்த தொடுகையில் உருளை ஒருபோதும் விலகாது என மென்பொருள் கொள்கிறது. கணக்கீடு விரைவாக முடியும். ஆனால் உண்மையான டேப்பட் தள்ள மட்டுமே வல்லது, இழுக்க இயலாது. ஆகவே தொடுகை விசையின் வரைபடத்தைப் பார்த்தல் இன்றியமையாதது. விசை எதிர்க்குறி பெறும் இடத்தில், உண்மைத் தறியில் உருளை டேப்பட்டை விட்டு எழும்பி, மீண்டும் மோதும். இரைச்சலும் தேய்மானமும் அங்கு மிகும்.

நாடாவை எறியும் டேப்பட் இதினின்று வேறுபட்டது. அதன் மூக்கு கூம்பு உருளையை ஒரு கணம் அடித்துவிட்டு விலகிச் செல்வதால், இங்கு விலகும் தொடுகையே பொருந்தும்.

பொதுவான பிழைகள்

காலப்படி பெரிதாக இருத்தல் முதற்பிழை. மேற்கூறிய வேகத்தில் அடித்தண்டு நொடிக்கு 360 பாகை திரும்புகிறது. நொடிக்கு 25 படிகள் எனில் ஒவ்வொன்றும் 14.4 பாகை; எறியும் அடி இரு படிகளுக்கிடையே மறைந்துவிடலாம். நொடிக்கு 500 படிகளில் இது 0.72 பாகையாகக் குறைகிறது.

வளைகோட்டின் தரம் அடுத்தது. தொடுகோட்டில் இணைந்த வட்டவில்கள் பார்வைக்கு வழவழப்பாகத் தோன்றினும், இணையுமிடத்தில் வளைவு திடீரென மாறுவதால் முடுக்கமும் திடீரென மாறும். டேப்பட்டின் குழிந்த பகுதியின் வளைவாரம் உருளையின் ஆரத்தைவிடச் சிறிதாயின், உருளை இரு இடங்களில் தொட்டு, அடிவரை இறங்காது நின்றுவிடும்.

இவற்றையும் பார்க்க

நெம்புருள்
விசைத்தறி
இயந்திரப் பொறியியல்