சிறுவாணித் தண்ணீரும் கார் கழுவும் கதையும்

கோயம்புத்தூர் என்றதும் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாதவர்கள் குறைவு. உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்பார்கள். (முதலிடம் எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு ஆற்றின் பெயரைச் சொல்வார்கள், அது வேறு கதை!) அந்தத் தண்ணீரை எடுத்துக் கார் கழுவலாமா என்ற கேள்வி நூறு வருடங்களுக்கு முன்பு யாருக்கும் வந்திருக்காது. ஏனென்றால் அப்போது வீட்டில் சிறுவாணிக் குழாயும் இல்லை, வாசலில் காரும் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் இந்த ஊருக்குள் வந்தன.

சிறுவாணிக்கு முன்னால் கோவைக்கு ஆதாரம் நொய்யலும், அது நிரப்பிய உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளங்களும், கிணறுகளும்தான். கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. மலையிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டு வர முடியும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. பத்திரிகை நடத்தியவர். 1922ல் அவர் இறக்கும்போதும் தண்ணீர் வந்து சேரவில்லை. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான் திட்டம் உருப்பெற்றது. ஆர்.எஸ்.புரம் என்பது அவர் பெயர்தான் என்பது அங்கே குடியிருப்பவர்கள் பலருக்கே தெரியாது! மலையைக் குடைந்து, பம்பு இல்லாமல் சரிவிலேயே தண்ணீரை இறக்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் ஊர் சிறுவாணியைக் குடித்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பத்து வருடங்களுக்கு முன்புதான், 1920ல், ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்ட ஆரம்பித்தார். யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனம் அதிலிருந்துதான் வளர்ந்தது. பிறகு மில் முதலாளிகளின் கார்கள், அம்பாசடர், பியட், கடைசியில் மாருதி. 2015ல் கோவையில் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்து வண்டிகள் பளபளவென்று நிற்பதைப் பார்க்கலாம். அவை கூரைக்குக் கீழே நிற்கின்றன. புழுதி ரோட்டில் ஓடி வந்த வண்டிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

கோவை வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர். குழாயில் வருவது நல்ல தண்ணி, போரில் வருவது உப்புத் தண்ணி. குடிக்க, சமைக்க நல்ல தண்ணி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க உப்புத் தண்ணி. இந்தப் பிரிவினையை எந்த அதிகாரியும் சட்டம் போட்டுக் கொண்டு வரவில்லை, பெண்கள்தான் பல தலைமுறைகளாக நடத்தி வருகிறார்கள். கார் வந்தபோதுதான் இதில் சிக்கல். உப்புத் தண்ணியில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். வெயிலில் நிற்கும் பானெட் மேல் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கண்ணாடியில் இன்னும் மோசம். புதுக் கார்க்காரருக்கு மனசு கேட்குமா? நல்ல தண்ணிக் குழாயில் ஹோஸைச் சொருகிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மழை நன்றாகப் பெய்யும் வருடத்தில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை. 2016ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. சிறுவாணி அணை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அணை இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், 1973ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டது. பில்லூர்த் தண்ணீர் கைகொடுத்தாலும் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த வீடுகள் பல. அந்த நேரத்தில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்க முடியாது.

இதற்குச் சட்டம் போட்ட நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. 1945ன் தண்ணீர்ச் சட்டத்திலேயே, பஞ்ச காலத்தில் ஹோஸ் வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதையும் சொந்தக் காரைக் கழுவுவதையும் தடுக்க வழி இருந்தது. 1976ல் கடும் வறட்சி வந்தபோது டெனிஸ் ஹாவெல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கினார்கள். சில நாட்களில் மழை கொட்டியது! இந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது, தடை ஹோஸுக்குத்தான், வாளிக்கு இல்லை. கணக்குப் போட்டால் நியாயம் புரியும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வரும் குழாயைப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்தால் 150 லிட்டர். இரண்டு வாளி என்றால் முப்பது லிட்டர்தான். 2018 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக அனுமதித்ததே 50 லிட்டர்தான். அப்போது அங்கே குடிநீரில் வண்டி கழுவவே கூடாது என்று தடை இருந்தது.

நம் பக்கத்தில் பெங்களூர். 2024 மார்ச்சில் அங்கே குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவத் தடை போட்டது, மீறினால் 5,000 ரூபாய். சில நாட்களிலேயே 22 வீடுகளிலிருந்து 1.1 லட்சம் வசூல். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் 22 பேர்தான் மாட்டினார்கள் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் வாசலில் ஹோஸ் பிடிப்பது அவமானம் என்ற எண்ணம் பரவியதே, அதற்கு அந்த ரசீதுகள் உதவின.

தண்ணீர் இல்லாத நாட்களில் கொங்கு நாட்டில் கைகொடுப்பது திருப்பூரின் பனியன் வேஸ்ட். ஒர்க்ஷாப்களில் மெக்கானிக்குகள் கை துடைக்க வைத்திருக்கும் அதே துணிதான், கிலோக் கணக்கில் கிடைக்கும். காய்ந்த தூசியை அப்படியே தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழும். முதலில் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஒரு வாளியில் நனைத்து இன்னொரு வாளியில் அலச வேண்டும். உப்புத் தண்ணியே போதும், வெயில் ஏறும் முன்பு, நிழலில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் காய விடாமல் உடனே துடைத்துவிட்டால் வெள்ளைப் புள்ளி விழாது. பனியன் துணி ஈரத்தை நன்றாக இழுக்கும்.