1,313 வாக்குகள்

பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சு வழிப் பாடம். ஸ்காட்லாந்தை 'எக்கோஸ்' என்றுதான் படித்தோம். சிறிது காலம் பிரான்சுக்கும் ராணியாக இருந்த மரி ஸ்டுவர்ட், 1567-இல் லாக் லெவன் என்ற ஏரியின் நடுவிலிருந்த கோட்டையில் சிறை வைக்கப்பட்டார் என்று வாத்தியார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஏரி இருப்பது கின்ராஸ் பகுதியில். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தபோது, அங்கே இருந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் கதை கிடைத்தது.

தொகுதியின் பெயர் 'கின்ராஸ் மற்றும் மேற்குப் பெர்த்ஷயர்'. 1918-இல் உருவானது. மலை, ஏரி, ஆட்டு மந்தை, சிறு சிறு ஊர்கள். பெரிய நகரம் ஒன்றும் கிடையாது.

1923-இல் இங்கே வென்றவர் அத்தோல் சீமாட்டி கேத்தரின். ஸ்காட்லாந்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் பெண். வேடிக்கை என்னவென்றால், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று முன்பு பேசியவர் இவர். நமக்கும் வேண்டியவர் அல்ல. இந்தியர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர்.

ஆனால் ஹிட்லர் விஷயத்தில் இவர் கண் திறந்திருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றார். கன்சர்வேடிவ் கட்சிச் சீமாட்டிக்கு 'சிவப்புச் சீமாட்டி' என்று பட்டப்பெயர் வந்தது. 1938-இல் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்தபோது இவர் எதிர்த்தார். உள்ளூர்க் கட்சிக்காரர்கள் வேறு வேட்பாளரைத் தேடினார்கள்.

அவர் பதவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ராஜினாமா செய்துவிட்டு, சுயேச்சையாக மக்களிடமே போனார். சர்ச்சில் ஆதரவுக் கடிதம் அனுப்பினார். நேரில் வந்து பேசவில்லை. 1938 டிசம்பர் 21, பனி கொட்டும் நாளில் வாக்குப்பதிவு. கட்சி வேட்பாளர் ஸ்னாடன் 11,808, சீமாட்டி 10,495. தோல்வி 1,313 வாக்குகளில். மூன்றே மாதத்தில் ஹிட்லரின் படை பிராகா நகருக்குள் நுழைந்தது. செப்டம்பரில் உலகப் போர்.

அதே தொகுதி 1963-இல் இன்னொரு வேடிக்கை பார்த்தது. பிரபுக்கள் சபையிலிருந்த ஹோம் பிரபு அக்டோபரில் பிரதமரானார். மக்கள் சபைக்கு வருவதற்காகப் பட்டத்தைத் துறந்தார். நவம்பர் 7-இல் இங்கே நடந்த இடைத்தேர்தலில் வென்றார். இடையில் இரண்டு வாரம், எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாத பிரதமர்! 1974 அக்டோபரில் அவர் கட்சியின் அடுத்த வேட்பாளர் வென்றது 53 வாக்குகளில். 1983-இல் தொகுதியே கலைக்கப்பட்டது.

நான் பல தேர்தல்களில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவன். 53 வாக்கு என்றால் கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கட்டு. 1,313 கூடப் பெரிய குவியல் இல்லை. தோற்றவர் பக்கம் நியாயம் இருந்ததா என்று அந்தக் கட்டுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லக் காலம் வேண்டும்.

நம் சுதந்திரத்துக்கு எதிராக நின்றவரை எப்படி மதிப்பது என்று எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. இந்தியா விஷயத்தில் அவர் செய்தது தவறு, அதில் மாற்றமில்லை. இருந்தாலும், கட்சியோடு கருத்து மாறியதும் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மக்களிடம் கேட்டாரே, அந்த ஒன்றுக்காக எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?