மண்ணின் சட்டமும் இரத்தத்தின் சட்டமும்

 

குடியியற் கல்விப் பாடத்தில் பிரஜாவுரிமை என்ற இடம் வந்தால் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "சேர், எங்க பாட்டன் இந்தத் தோட்டத்துலதானே பிறந்தாரு. அப்புறம் எப்படி நாடற்றவர்னு சொன்னாங்க?" றொசல்லயிலும் வட்டவளையிலும் படிப்பிக்கும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடவும் முடியாது. அதனால்தான் இன்று சற்று நீளமாக எழுதுகிறோம்.

விடை இரண்டு இலத்தீன் சொற்றொடர்களில் இருக்கிறது. ஒன்று 'யூஸ் சொலி'. மற்றது 'யூஸ் சங்குயினிஸ்'. தேயிலை மலையில் இலத்தீனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ரோமன் டச்சுச் சட்டம் இன்றும் இந்த நாட்டின் பொதுச் சட்டம். அதன்மேல் ஆங்கிலேயரின் நீதிமன்ற முறை வந்தது. இரண்டுக்கும் பின்னால் நிற்கும் மொழி இலத்தீன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'யூஸ்' என்றால் சட்டம், உரிமை. ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்' என்பது இந்த வழியில் வந்தது. கையெழுத்துக்காக நாம் தேடிப் போகும் ஜே.பி. ஐயாவின் முதல் எழுத்தும் அதுதான். இலத்தீனில் இதே உருவத்தில் இன்னொரு 'யூஸ்' உண்டு. அதற்குப் பொருள் சாறு, சூப்பு. கடையில் கேட்கும் 'ஜூஸ்' அந்த வழியில் வந்தது. பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு மறக்கமாட்டார்கள்.

'சொலும்' என்றால் மண், நிலம். 'சங்குயிஸ்' என்றால் இரத்தம். இவை 'சொலி', 'சங்குயினிஸ்' என்று மாறுவது வேற்றுமை உருபினால். நம் இலக்கணத்தில் இது ஆறாம் வேற்றுமை. மண், மண்ணின், இரத்தம், இரத்தத்தின். 'இரத்தம்' என்ற சொல் 'இன்' சேரும்போது நடுவில் 'அத்து' ஏற்பதுபோல, 'சங்குயிஸ்' என்பதும் நடுவில் ஓர் ஒலியைக் கூட்டிக்கொண்டு 'சங்குயினிஸ்' ஆகிறது. மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. 'பிஸ்மில்லாஹி' என்பதில் கடைசியாக வரும் 'ஹி' என்ற ஒலிதான் 'அல்லாஹ்வின்' என்ற பொருளைக் காட்டுகிறது. மூன்று மொழியிலும் வேலை ஒன்றுதான்: எது எதற்கு உரியது என்று சொல்வது.

ஆக, யூஸ் சொலி என்பது மண்ணின் சட்டம். எந்த மண்ணில் பிறந்தாயோ அந்த நாட்டுக்கு உரியவன். யூஸ் சங்குயினிஸ் என்பது இரத்தத்தின் சட்டம். எங்கே பிறந்தாய் என்பது முக்கியமில்லை, யாருடைய பிள்ளை என்பதே முக்கியம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பிறந்த எவரும் பிரித்தானியப் பிரஜை. அது மண்ணின் சட்டம். ஆனால் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்திய வம்சாவளியினருக்கு ஒரு தடை வைத்தார்கள். 'டொமிசைல்' இருக்க வேண்டும், அதாவது இந்த நாடே நிரந்தர வதிவிடம் என்று காட்ட வேண்டும். அந்தச் சொல்லும் இலத்தீன்தான். வீடு என்று பொருள்படும் 'டோமுஸ்' என்பதிலிருந்து வந்தது. சொந்தமாக ஓர் அடி நிலம் இல்லாத, லயத்துக் காம்பராவில் வாழ்ந்த மக்களிடம் வீட்டின் பெயரால் ஆதாரம் கேட்டார்கள்.

அப்படியிருந்தும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சட்டத்தில் 'வம்சாவளி' என்றுதான் எழுதியிருக்கும். சட்டம் படித்தவர்கள் அதை யூஸ் சங்குயினிஸ் என்பார்கள்.

அதன்படி, அதுவரை இங்கே பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தார் என்பது கணக்கிலேயே இல்லை. இரத்தம் என்றார்கள், ஆனால் பாதி இரத்தத்தைத்தான் பார்த்தார்கள். எழுத்தில் இது எல்லோருக்கும் பொதுவான சட்டம். ஆனால் நடைமுறையில் தகப்பனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டு என்று யாரிடம் கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பிறகு 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் தலைப்பைக் கவனியுங்கள். தோட்டத்துத் தமிழர் மட்டுமல்ல, கணக்கெடுப்பில் 'இந்தியச் சோனகர்' என்று எழுதப்பட்ட நம் வியாபாரக் குடும்பங்களும் இதே வரிசையில்தான் நின்றன. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

அதே 1949இல் வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன் பிள்ளை என்பவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் சேர்க்கப்படாதபோது வழக்கு எழுந்தது. மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி அவர் பக்கமே தீர்த்தார். உயர் நீதிமன்றம் 'சேர்ஷியோராரி' என்ற எழுத்தாணையால் அந்தத் தீர்ப்பை நீக்கியது. இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அதையே உறுதிசெய்தது. சேர்ஷியோராரி என்பது இலத்தீன் வினையின் செயப்பாட்டு வடிவம். 'தெளிவாக அறிவிக்கப்படுதல்' என்று பொருள். சாதாரண மக்களுக்கு எதுவும் தெளிவாக அறிவிக்கப்படவில்லை. வாக்கு போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. 1952 தேர்தலில் மலையகத்தின் அந்த 7 ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகள் பங்கிட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆன குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரத்தத்தின் பெயரால் வந்த சட்டம் கடைசியில் இரத்த உறவையே பிரித்தது.

1988இலும், முடிவாக 2003இலும் வந்த சட்டங்களால்தான் இந்தக் கணக்கு தீர்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய பிள்ளைகளும் இலங்கைப் பிரஜைகள் என்றது. ஒப்பந்தம் எழுதிய அதே திகதிதான். 55 வருடங்களுக்குப் பிறகு, இந்த மண்ணில் வாழ்ந்தது ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இலத்தீனிலும் குறில் நெடில் உண்டு. 'சொலி' என்று குறிலாகச் சொன்னால் மண்ணின். 'சோலி' என்று நெடிலாகச் சொன்னால் தனித்து விடப்பட்டவர்கள். எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மண்ணின் உரிமை கேட்டவர்கள் தனித்து விடப்பட்ட நம் கதைக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

பிள்ளையின் கேள்விக்கு நம் பதில் இதுதான். மகனே, உன் பாட்டன் இந்த மண்ணுக்குரியவர்தான். அன்றைய சட்டம் மண்ணைப் பார்க்கவில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ், பாஸ்போட், விண்ணப்பப் பிரதி எதையும் எரிக்காதீர்கள், கரையானுக்கும் கொடுக்காதீர்கள். போனில் படமெடுத்து வையுங்கள். பாட்டன் பாட்டியின் பிறந்த தோட்டம், வருடம், தகப்பன் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாட்டியின் தாயின் பெயரையும் எழுதுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நம் பிள்ளைகள் கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக் கதையை இங்கே எழுதினால் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.